புடவையின் மறுநுனி

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் புதிதாகத் தொடங்கிய சபை என்றால் பாய்தான். நாற்காலியும் மைக்கும் பிறகு வந்தவை. வலது பக்கம் ஆண்களுக்குப் பாய், இடது பக்கம் பெண்களுக்குப் பாய், நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற அளவுக்கு வெறும் தரை. எந்த ஊரில் ஜெபித்தவர்களாக இருந்தாலும் அந்த நடுத்தரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் என் அப்பா ஒரு பாயை விரித்தார். நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டே கழித்த ஒரு மழைக்காலம் அந்தப் பாயிலிருந்துதான் ஆரம்பித்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சபையில் எழுந்து சாட்சி சொல் என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதுகிறேன்.

அப்பா தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் கையில் ஆயில் வாசனை போகாது. தலையில் கை வைத்து ஜெபித்தால் அந்த வாசனையும் சேர்ந்து இறங்கும். அவர் போகிற ரயிலில் சீப்பும் ஊக்கும் விற்கிற ஒருவர் வருவார். பார்வை கிடையாது. சீப்புக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரை நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த பெரிய சபைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்றவர் சீப்புக்காரரை வெளியே மரத்தடியில் உட்காரச் சொன்னார். உள்ளே இடம் இருந்தது. அப்பாவும் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை, அப்பா தானே ஒரு சபை தொடங்கினார்.

நெமிலிச்சேரியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர் ஒருவருடைய மாட்டுக் கொட்டகை சும்மா கிடந்தது. மாடுகளை விற்றுவிட்டு அவர் கடை வைத்திருந்தார். அப்பா போய்க் கேட்டதும் கொடுத்துவிட்டார். சாமியைக் கும்பிடத்தானே கேட்கிறீர்கள் என்றாராம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பாடுங்க, ஆடுங்க, இன்னா வேணா பண்ணுங்க. வம்பு மட்டும் வரக்கூடாது."

எந்த வம்பு என்று அவர் சொல்லவில்லை. அப்பா கேட்கவுமில்லை. அந்த ஒரு சொல்லைப் பெரியவர்கள் அவரவர் பயத்துக்கு ஏற்றபடி பெரிதாக்கிக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கொட்டகையை எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏறியதும் மூத்திர வாடை மேலே வரும். பின்சுவரை ஒட்டி சிமெண்டுத் தீவனத் தொட்டி ஒன்று இருந்தது. அதை உடைக்க மனமில்லாமல் விட்டுவைத்தோம். குழந்தைகளை அதற்குள் உட்காரவைத்தால் தப்பி ஓடாது. எக்ஸ்பிரஸ் போகும்போது அப்பா பிரசங்கத்தை நிறுத்திவிடுவார். கூரையிலிருந்து தூசி கொட்டும். அது எந்த வண்டி, எவ்வளவு தாமதம் என்று சீப்புக்காரர் மெதுவாகச் சொல்வார். சிரிப்பு அடங்கிய பிறகு அப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

சபை நின்றது அப்பாவுக்கு அடுத்த பொறுப்பில் இருந்த மூப்பரால். அவர் ஆவடியில் நிலையான வேலையில் இருந்தார். டோலக் அவருடையது. வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் அவர் கூட்டி வந்தவை. அவர் மனைவியை மூப்பரம்மா என்போம். பெண்கள் பக்கம் முழுவதும் அவர் ஆட்சி. யார் எங்கே உட்காருவது, யாருடைய முக்காடு நழுவுகிறது, எந்தக் குழந்தை அழுகிறது எல்லாம் அவர் கண்ணில் இருக்கும். கெட்டவர் இல்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தது அவர்தான்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் கைதட்டிக் கேட்டு வாழ்ந்த ஒருவர் இருந்தார். இப்போது திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அந்தச் சொல் அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்த சொற்களை எழுத எனக்கு விருப்பமில்லை. அப்பா என்னை அத்தை என்று கூப்பிடச் சொன்னார். நான் கூச்சத்தில் எதுவும் கூப்பிட்டதில்லை. மனசுக்குள் மட்டும் ஸ்டேஷன் அத்தை என்று வைத்துக்கொண்டேன். உயரம். பெரிய பொட்டு. கனகாம்பரம் இல்லாமல் பார்த்ததில்லை. அப்பா தினமும் ரயிலடியில் அவரைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வார், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்பார். ஒரு ஞாயிறு அவர் நிஜமாகவே வந்துவிட்டார், கூட இரண்டு இளையவர்களோடு.

எங்கே உட்காரவைப்பது என்று அப்பா யோசித்திருக்கவே இல்லை.

மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இடது பக்கம் ஓர் அடி வைத்தார். மூப்பரம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பாடிக்கொண்டே தன் பக்கத்துப் பாயின் ஓரத்தை உள்ளே சுருட்டினார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள். என் அம்மாவும் நெருங்கினாள். மூன்று பேரும் பின்னால் தொட்டி ஓரமாக வெறும் தரையில் உட்கார்ந்தார்கள். அடுத்த பாட்டில் அத்தை கை தட்டினார். விரல்களை விரித்து, உள்ளங்கை மோதுகிற அந்தக் கடைத்தெருத் தட்டு. டோலக்கையும் மீறிக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் கைகளை மடியில் சேர்த்துக்கொண்டார், பிறகு தட்டவில்லை.

அந்த வாரம் முழுவதும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை பூந்தமல்லி போய்ப் புதிய கோரைப்பாய் ஒன்று வாங்கி வந்தார். சிவப்புக் கரை போட்டது. எங்கள் வீட்டில்கூட அப்படி ஒரு பாய் இல்லை. மறுநாள் அதை நடுத்தரையில், பிரசங்கம் செய்கிற மேசைக்கு நேர் முன்னால் விரித்தார். முதல் இடம். அவர்கள் வந்ததும் எழுந்துபோய் வரவேற்று அந்தப் பாயைக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட பிள்ளையின் முகம்.

அத்தை பாயைப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார்.

"பஸ்ல எங்க பக்கத்துல யாரும் ஒக்காரமாட்டாங்க பாஸ்டரே. அங்க நாங்களா தனியா ஒக்காந்துக்கறோம். நீ இன்னாடான்னா பாய் வாங்கியாந்து தனியா ஒக்காரவெக்கிற."

அப்பாவுக்குப் புரியவில்லை. முன்னாலதானே இருக்கச் சொன்னேன், அதுல என்ன தப்பு என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அத்தை கோபப்படவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இளையவர்களை முன்னால் விட்டுப் பின்னால் போனார். அன்றைக்கு அப்பா அந்தக் காலிப் பாயைப் பார்த்தபடி பிரசங்கம் செய்தார்.

பிறகு ரயிலடியில் மன்னிப்புக் கேட்டாராம். அதைச் சீப்புக்காரர்தான் வந்து சொன்னார், அவர் பக்கத்திலேயே இருந்தாராம். அத்தை ஞானஸ்நானம் எப்போது, எங்கே என்று கேட்டாராம். மழை நின்றதும் திருநின்றவூர் ஏரியில் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

"தண்ணிக்குள்ள பாய் போட முடியாதில்ல? அங்க வரேன்."

அப்பா உடனே சரி என்றுவிட்டார். அங்கேதான் பெரிய பயம் தொடங்கியது.

அந்த நாளில் ஞானஸ்நானம் எடுக்க இருந்த ஒரே பெண் மூப்பருடைய மகள். மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைத் தொடாமல் பேசினார். என் பிள்ளை முங்குகிற அன்றைக்கு வேண்டாம் என்றார். அவர் பேசியதெல்லாம் நியாயம் போலவே இருந்தது. பெண்கள் சங்கடப்படுகிறார்கள். வெளியே பேச்சாகும். பேச்சானால் அதுதான் வம்பு, கொட்டகை போய்விடும். கொட்டகை போனால் சபை இல்லை. சபை இல்லாவிட்டால் சீப்புக்காரர் மாதிரி ஆட்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒருத்தருக்காக எல்லாரையும் விடப்போறீங்களா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அத்தையைக் கடைசியாக முக்குவது. அவருக்கு உடை மாற்றும் மறைப்பைத் தனியாக, பெண்கள் இருக்கிற இடத்திலிருந்து தள்ளிக் கட்டுவது. மூப்பர் ஒத்துக்கொண்டு காப்பியைக் குடித்தார். அம்மா அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டாள். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னொரு பாய் விரிச்சிட்டீங்க."



உங்களுக்குத் தெரியும், ஏரியில் முங்கி எழுந்த பெண்ணை ஈரத் துணியோடு அப்படியே நடக்க விடமாட்டார்கள். கரையேறும் இடத்திலேயே இரண்டு பெண்கள் ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் மறைவிலேயே அவளை அழைத்துப் போய், மற்றவர்கள் சுற்றி நின்று பாட, அவள் உடை மாற்றுவாள். புடவை பிடிப்பது பெண்களின் வேலை. ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. எங்கள் சபையில் அதற்கு என் அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டார்கள். அரக்கு நிறம். நல்ல கனம், காற்றில் பறக்காது.

ஞானஸ்நானத்துக்குக் குறித்த சனிக்கிழமை காலையில் ஏரி நிரம்பி இருந்தது. கரையில் சேறு வழுக்கியது. நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே கரை ரோட்டில் எருமைகளை ஓட்டி வந்த பையன்களும் வேலையில்லாத இளைஞர்களும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை தனியாக வந்தார். பாய் போட்ட இடத்துக்கு நாங்கள் வரமாட்டோம் என்று இளையவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்குப் பூ வைத்திருக்கவில்லை. வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். கையில் மாற்றுத் துணியோடு ஒரு ரெக்சின் பை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். என் அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதலில் ஆண்கள் முங்கினார்கள். பிறகு மூப்பருடைய மகள். மூப்பரம்மாவும் இன்னொரு பெண்ணும் புடவை பிடித்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது. அந்தப் பெண் தலை துவட்டி வெளியே வந்ததும் மூப்பரம்மா புடவையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

அத்தை தண்ணீருக்குள் இறங்கினார். அப்பாவும் மூப்பரும் இடுப்பளவு நீரில் நின்றார்கள். மூப்பருடைய கை தயங்கியது. அப்பா ஒருவராகவே தாங்கிப் பிடித்து அவரை முக்கி எடுத்தார். எழுந்தபோது பொட்டு கரைந்து போயிருந்தது. அந்த முகத்தில் அவ்வளவு அமைதி. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அப்பா கையைக் காட்டினார். அப்போதுதான் நாங்கள் எல்லாரும் அந்த மறைப்பைச் சரியாகப் பார்த்தோம். கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிய நீலத் தார்ப்பாய். இரண்டு பனைமரத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டியிருந்தார். பெண்களிடமிருந்து தள்ளி என்று சொன்னதால் கரை மேலேயே கட்டிவிட்டார். அந்த வேடிக்கைக் கூட்டத்துக்குப் பின்னால். அங்கே போக வேண்டுமானால் உடம்போடு ஒட்டிய ஈரப் புடவையோடு அத்தனை பேர் நடுவிலும் சரிவேறிப் போக வேண்டும். காலையில் அவர் அதைக் கட்டும்போது கரை காலியாக இருந்திருக்கிறது.

அத்தை கரையைப் பார்த்தார். மேலே எவனோ விசில் அடித்தான்.

"இன்னா மாமே, ஷூட்டிங்கா? ஈரோயினி இன்னும் வர்லியா?"

சிரிப்பு இறங்கி வந்தது. அத்தை ஓர் அடி பின்னால் போனார். மார்பளவு தண்ணீரில் நின்றார். கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டார். வரவில்லை.

பாட்டு முடிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் அதையே பாடினார்கள். அதுவும் முடிந்தது. அப்பா வாங்கம்மா, வாங்கம்மா என்றார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. மார்கழிக் குளிர். அவர் உதடு ஆடுவது கரையிலிருந்தே தெரிந்தது. அவர் இன்னும் பின்னால் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த இடத்தில் ஏரி திடீரென்று ஆழமாகும். எருமைகூட அங்கே போகாது.

அம்மா மூப்பரம்மாவிடம் போனாள். கையை நீட்டினாள். மூப்பரம்மா புடவையைக் கொடுக்கவில்லை. அம்மா அவர் கையிலிருந்து அதை எடுத்தாள். பிடுங்கவில்லை, தன் புடவையை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டாள். செருப்போடு தண்ணீரில் இறங்கிப் போய்ப் புடவையை உதறி விரித்தாள்.

"வாங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்."

ஆனால் ஒருவரால் புடவை பிடிக்க முடியாது. ஒரு நுனி அம்மாவின் தூக்கிய கையில் இருந்தது. மறுநுனி தண்ணீரில் விழுந்து மிதந்தது. அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா நகர்ந்தாள், மூப்பரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வயசுக்கு வந்த பிள்ளை, அந்தப் பக்கம் போகாதே என்றார். மற்றப் பெண்கள் மூப்பரம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. அம்மாவின் கை இறங்க ஆரம்பித்தது. கனமான புடவை, நனைந்துவிட்டது.

அப்போது சீப்புக்காரர் எழுந்தார். அவரைக் கரையில் ஒரு கல்மேல் உட்காரவைத்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியால் சேற்றைத் தட்டித் தட்டி அவர் பாட்டுக்குத் தண்ணீருக்குள் இறங்கினார்.

"எங்கிட்ட குடுங்கம்மா அந்த நுனிய. நான் புடிச்சா ஒரு பயமும் இல்ல. இந்தக் கூட்டத்துலயே எட்டிப் பாக்காத ஒரே ஆளு நான்தான்."

பாடுகிறவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். தண்ணீருக்குள் அத்தையும் சிரித்துவிட்டார், பல் தந்தியடிக்க. சீப்புக்காரர் துழாவிப் புடவையின் நுனியைப் பிடித்துவிட்டார். பிடித்துத் தூக்கினார், தலைகீழாக.

மூப்பரம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. அக்காவின் கையை விட்டுவிட்டுச் சேற்றில் வேகமாக இறங்கினார்.

"ஆம்பள புடிக்கிற வேலையாய்யா இது? பொம்பளைங்க துணி மாத்தற எடத்துல உனக்கின்னா வேலை? குடு இப்படி."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். நுனி அதற்குள் அவர் கைக்கு வந்துவிட்டது. இனி அதைத் தண்ணீரில் போட முடியாது. நேராகத் திருப்பித் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் இறங்கி வந்து சுற்றி நின்று பாடினார்கள். அக்கா ரெக்சின் பையோடு ஓடினாள். அரக்குப் புடவைக்குப் பின்னால் அத்தை மெல்ல நடந்து கரையேறினார். ஆண்கள் எல்லாரும் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அப்பாவும் நின்றார். அவர் தோள் குலுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா சிவப்புக் கரைப் பாயைப் பெண்கள் பக்கத்துப் பாயோடு சேர்த்து விரித்தாள். அத்தை எதில் உட்கார்ந்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூப்பர் சபைக்குக் கூட்டி வந்தவர்களில் சிலர் அன்றைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. மூப்பர் வந்தார், டோலக்கை மெதுவாக வாசித்தார்.

வம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்காரர் காதுக்குப் போவதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று அப்பா பயந்துகொண்டே போனார். அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாராம்.

"நம்ம கடைய தொறந்ததே அந்தம்மா வந்து சூடம் சுத்தின அப்பறம்தான். உங்காளுங்களுக்குத்தான் ஆவாதா?"

அவர் பயந்த வம்பு வேறு: ரயில் பாதையில் குழந்தைகள் விளையாடி ஏதாவது ஆகிவிடக்கூடாது என்பதுதானாம். பிறகு அவரும் எல்லாரையும் போல மனை போட்டு விற்றார். கொட்டகை போயிற்று, தொட்டி போயிற்று. இப்போது அங்கே அடுக்கு வீடுகள் நிற்கின்றன. கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சபை வேறு தெருவில் தகரக் கூரையில் நடக்கிறது. அங்கே நாற்காலிகள் இருக்கின்றன.

மூப்பரம்மா கடைசிவரை அத்தையோடு ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் சில வருஷம் கழித்து என் அக்கா அதே ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தாள். அம்மாவுக்கு அப்போது தோள்வலி, கை தூக்க முடியாது. அரக்குப் புடவையின் ஒரு நுனியை மூப்பரம்மா எடுத்துக்கொண்டார். மறுநுனியை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தார். பிறகு அதை அத்தையிடம் நீட்டினார்.

நான் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மூப்பரம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"நீ ஒசரம். கொஞ்சம் எறக்கிப் புடி. கீழ பொண்ணு காலு தெரியுது."